உதவி: அப்பாவின் ஆப்புக்குக் காசு கட்டலாமா, ஏபிகே போடலாமா?

சுங்கை சிப்புட் மகள்:
வணக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை அளவை ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பில் பதிகிறார். இலவச ஆப் என்பதால் எண்ணைத் தட்டும்போதே விளம்பரம் வந்து திரையை மறைக்கிறது. அதை மூடப்போய் வேறு எதையோ திறந்துவிடுகிறார். 9.90 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் விளம்பரம் வராது. ஆனால், "போனுக்குள்ள இருக்கிறதுக்கெல்லாம் காசா?" என்று மறுக்கிறார். வாட்சாப் குழுவில் ஒருவர் விளம்பரமில்லாத முழு ஆப்பையும் ஏபிகே கோப்பாக, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே நேராகப் போனில் போடும் கோப்பாக, அனுப்பியிருக்கிறார். போடலாமா? எங்களிடம் கிரெடிட் கார்டு இல்லை.

போன் கடை அண்ணன்:
வேண்டாம் தங்கச்சி, உடனே அழித்துவிடுங்கள். இப்படி வரும் கோப்பு குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் பணம் மாற்ற வங்கி அனுப்பும் ரகசிய எண் திருடன் கைக்குப் போய்விடும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில்கூட ஏபிகே வருகிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும், மலேசியாவில் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

கார்டு இல்லாவிட்டால் பரவாயில்லை. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பணம் செலுத்தும் பகுதியில் டச் அண்ட் கோ இ-வாலட்டைச் சேருங்கள். செவன் இலெவனில் கூகல் பிளே அட்டை வாங்கி அதன் எண்ணைப் போட்டாலும் சரி.

பந்திங் ஆசிரியை:
அப்பாவைக் கஞ்சன் என்று எண்ணாதீர்கள். கடைப் பற்றெல்லாம் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்தைப் பார்த்த தலைமுறை அது. அப்புறம் குறுஞ்செய்திச் சேவைகள் போனில் போட்ட டாப் அப் காசைத் தின்றதையும் பார்த்தார்கள். கேட்காமல் பிடிக்கும் காசு என்றால் பயம் வரத்தான் செய்யும். வாட்சாப்பே ஒரு காலத்தில் ஆண்டுக்கு 99 அமெரிக்க சென் கேட்டது, 2016-இல் அதையும் நிறுத்தியது. பிறகு ஆப் என்றாலே இலவசம் என்று மனதில் பதிந்துவிட்டது.

அதனால் கட்டும் முன் அந்தத் திரையை அவரிடமே காட்டுங்கள். விலைக்குப் பக்கத்தில் மாதம், ஆண்டு என்று இருந்தால் அது சந்தா. ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது, தனியாக ரத்து செய்ய வேண்டும். ஒரே முறை கட்டுவது என்றால் பயமில்லை. பிடிக்காவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகலிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

சுங்கை சிப்புட் மகள்:
பார்த்தோம், ஒரே முறைதான். அப்பாவே விலையை வாசித்துவிட்டு, "இவ்வளவுதானே, கட்டு" என்றார். இ-வாலட்டில் போய்விட்டது, விளம்பரமும் நின்றுவிட்டது. புதுப் போன் வாங்கினால் மறுபடி கட்ட வேண்டுமா?

போன் கடை அண்ணன்:
வேண்டாம். அதே ஜிமெயிலில் நுழைந்தால் போதும். கடவுச்சொல்லை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள். போன் மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.