அரை அங்குல ராட்செட் கழற்றும் திசையில் மட்டும் நழுவுகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி:
அப்பா லாரிப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் புழங்கிய ராட்செட் கைப்பிடி (நட்டு, போல்ட்டை ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் கருவி) இது. இறுக்கும்போது நன்றாகப் பிடிக்கிறது. லீவரைத் திருப்பிக் கழற்றினால், பாரம் ஏறியதும் நழுவிவிடுகிறது. நேற்று விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்துவிட்டது. தலையின் பின்புறத் தகட்டில் இரண்டு ஸ்குரூ இருக்கின்றன. நானே திறக்கலாமா? புதிதாக வாங்கச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 1:
தாராளமாகத் திறக்கலாம் தம்பி. சக்கரத்தில் நிறையப் பற்கள், அதில் போய் விழும் நாக்கிலோ சில பற்கள்தான். அதனால் நாக்குதான் முதலில் தேயும். ஆனால் தேய்மானத்தைவிட அழுக்கையே நான் முதலில் சந்தேகிப்பேன்.
ஸ்குரூவில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும், இல்லையென்றால் காடி சிதைந்துவிடும். கைகளையும் ராட்செட்டையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தகட்டைத் தூக்குங்கள். உள்ளே மிளகளவு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். துள்ளி ஓடினால் கிடைக்காது. எதையும் எடுக்கும் முன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பழைய பல் துலக்கும் பிரஷால் கழுவுங்கள். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மறுமொழி 2:
கழுவியபின் சேஸிஸ் கிரீஸை நிறைய அடைத்துவிடுங்கள், பல வருடம் தாங்கும்.

மறுமொழி 1:
அடைக்காதீர்கள்! கெட்டி கிரீஸில் நாக்கு மெதுவாகத்தான் நகரும். பல்லில் முழுதாக விழுவதற்குள் பாரம் ஏறினால் நழுவும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பற்களையும் எண்ணிப் பாருங்கள். 24 என்றால் ஒரு சொடுக்குக்கு 15 பாகை, 72 என்றால் 5 பாகை.

கேட்டவர்:
திறந்துவிட்டேன் ஐயா, 24 பற்கள். கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. கழற்றும் திசையில் நாக்கு சாய வேண்டிய மூலையில் நகத்துணுக்கு அளவு இரும்புச் சிம்பு ஒன்று பதிந்திருந்தது, ஊசியால் நெம்பி எடுத்தேன். நாக்கின் அந்தப் பக்க விளிம்பில் மயிரிழை அளவுக்கு மழுங்கல் தெரிகிறது.

மறுமொழி 1:
அந்த அளவு மழுங்கல் இருந்தால் எச்சரிக்கை தேவை. வைஸில் போல்ட்டைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிப் பாருங்கள். மறுபடி நழுவினால் நாக்கை மாற்றியே ஆக வேண்டும். துருப்பிடித்த நட்டை டி-ஹேண்டிலால் (ராட்செட் இல்லாத, T வடிவக் கைப்பிடி) இளக்கிவிட்டு, அதன்பின் ராட்செட்டை எடுங்கள். நெம்புவிசை கூட்டக் கைப்பிடியில் பைப் மாட்டவே கூடாது.

கேட்டவர்:
வைஸில் பத்து முறை பார்த்துவிட்டேன், நழுவவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன். காதருகே வைத்து இரண்டு பக்கமும் சுற்றிக் கேட்டார். “இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சத்தம்” என்றார்.