யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கியும் ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தம்: கார்டில் கோளாறா?

ஒலிப்பித்தன்:
மதர்போர்டு ஜாக்கில் ஸ்பீக்கரைச் செருகினால் உள்ளே ஒரு பூச்சி குடியிருக்கிறது. மவுஸை அசைத்தால் 'கிர்ர்', ஸ்க்ரோல் பண்ணினால் 'கீச்', கேம் திறந்தால் கிராபிக்ஸ் கார்டின் கச்சேரி. பெட்டிக்குள் இருக்கும் மின் இரைச்சல்தான் காரணம், கார்டை வெளியே வைத்தால் தீரும் என்று பார்த்த இடத்திலெல்லாம் எழுதியிருந்தது. யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் சின்ன டப்பா ஒன்று வாங்கினேன். அட்டையில் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்து.

பூச்சி அசையவே இல்லை. ஆனால் அதே டப்பாவில் ஹெட்ஃபோன் செருகினால் நிசப்தம். பாட்டும் மதர்போர்டில் கேட்டதைவிட நன்றாக இருக்கிறது, குரல் முன்னே வருகிறது, பேஸ் இறுக்கமாக விழுகிறது. திருப்பிக் கொடுக்க இன்னும் 8 நாள். இதை நல்ல கார்டு என்பதா, தண்டம் என்பதா? கையில் மல்டிமீட்டர், பிளானர் (தட்டையான படலம் அதிரும்) ஹெட்ஃபோன், காதுக்கு இரண்டு டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) உள்ள இயர்போன், பழைய லேப்டாப் இருக்கிறது.

ஈயப்பற்று:
ஹெட்ஃபோனில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்களே தம்பி! இது கிரவுண்ட் லூப். ஸ்பீக்கர் பிளக்கில் மூன்று பின் இருக்குமே? கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த். யுஎஸ்பி வயரின் கிரவுண்டும் ஆடியோ வயரைச் சுற்றியுள்ள உலோக வலையான ஷீல்டும் சேர்ந்து அந்த வளையத்தை மூடிவிடுகின்றன. கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் ஏறி இறங்கும்போது அதில் ஒரு துளி ஷீல்டு வழியாக ஓடும். ஸ்பீக்கருக்கு அதுவும் பாட்டும் ஒன்றுதான். ஹெட்ஃபோனுக்கு எர்த் ஏது, வளையம் ஏது?

டப்பாவை லேப்டாப்பில் மாட்டி, சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே ஸ்பீக்கரில் கேளுங்கள். பூச்சி செத்தால் கார்டு நிரபராதி. ஆடியோ வயருக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வயர்கள் நேராகத் தொடாமல் பாட்டை மட்டும் கடத்துவது) போட்டால் வளையம் அறும். எர்த் பின்னை வெட்டச் சொல்லி யாராவது வருவார்கள். உயிர் போகிற வேலை, செய்யாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
'பேஸ் இறுக்கம்' என்பதை நான் நம்பவில்லை. இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டீர்களா? கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத் 'தெளிவு' என்று வாங்கிக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே சுருதி ஒலி) ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டியபடியே மீட்டரில் ஏசி வோல்ட் பார்த்துச் சமப்படுத்துங்கள். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 தடவை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் பேசலாம். நாணயத்தைச் சுண்டி அத்தனை வாங்குவது நூற்றுக்கு நாலு தடவைகூட நடக்காது.

அவுட்புட் இம்பீடன்ஸையும், அதாவது ஜாக்குக்கு உள்ளேயே இருக்கும் மின்தடையையும், அளங்கள். லோடு இல்லாமல் (எதையும் மாட்டாமல்) வோல்ட், 33 ஓம் ரெசிஸ்டரோடு வோல்ட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னதால் வகுத்து 33ஆல் பெருக்குங்கள். 384ஐ மறந்துவிடுங்கள். அது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்ற எண், 44.1லேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடும், நம் காது 20ஐத் தாண்டாது.

ஒலிப்பித்தன்:
நாலு நாள் இதே வேலை. லேப்டாப் பேட்டரியில் பூச்சி இல்லை, சார்ஜரைச் செருகியதும் வந்து உட்கார்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன், போயே போச்சு. அங்கேதான் வயிறு எரிந்தது: அதே டிரான்ஸ்ஃபார்மரை மதர்போர்டு ஜாக்கில் போட்டாலும் அமைதி. ஸ்பீக்கருக்காக டப்பா வாங்கியிருக்கவே வேண்டாம்.

அடுத்து சத்தம். ஒரே வால்யூம் நிலையில் மதர்போர்டு 0.50 வோல்ட், டப்பா 0.63. அதாவது 2 டெசிபல் கூட. சமப்படுத்தி, தங்கை மாற்றி மாற்றிச் செருக, பிளானரில் 16க்கு 9. குரல் முன்னே வந்ததாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

இம்பீடன்ஸுக்கு இரண்டையும் லோடு இல்லாமல் 0.500 வோல்ட்டில் வைத்தேன். 33 ஓம் மாட்டியதும் டப்பா 0.485, மதர்போர்டு 0.155க்குச் சரிந்தது. கணக்குப் போட்டால் டப்பா 1 ஓம், மதர்போர்டு 73! சும்மா இருக்க முடியாமல் இயர்போனையும் 16 தடவை ஓட்டினேன். 14 சரி. மதர்போர்டில் ஒலியின் நிறமே வேறாக இருக்கிறது. ஏன் அதில் மட்டும்?

கணக்குப்பிள்ளை:
பிளானரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 73 ஓம் குறுக்கே நின்றாலும் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும், வால்யூமைக் கூட்டினால் தீர்ந்தது. உங்கள் இயர்போனில் இரண்டு டிரைவரும், நடுவே ஒலியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும். இம்பீடன்ஸ் ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம். பள்ளத்தில் 73 ஓம் அதிகமாக விழுங்கிவிடும். இயர்போன் தினமும் காதில் இருக்குமென்றால் டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். பிளானர் மட்டும்தான் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஒலிப்பித்தன்:
இரவு முழுக்க இயர்போன்தான். வைத்துக்கொள்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் போட்டதிலிருந்து அடிமட்ட பேஸ் கொஞ்சம் மெலிந்த மாதிரி... இதுவும் என் கற்பனையா அண்ணே?

ஈயப்பற்று:
இது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே இரும்பு கம்மியான சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சத்தம் கூடினால் கீழ் பேஸில் திணறும். கம்ப்யூட்டர் வால்யூமை இறக்கி ஸ்பீக்கர் திருகை ஏற்றிப் பாருங்கள். அப்படியே டிரான்ஸ்ஃபார்மரை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்துங்கள், அதற்குப் பிறகு வரும் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.