0603 அளவு ரெசிஸ்டர் கேட்டேன், தூசி வந்தது – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

ஈயப்பற்று:
நான் வரைந்து செய்யக் கொடுத்த சர்க்யூட் போர்டில் குறையே சொல்ல முடியாது. ஐந்து எண்ணம், பார்ட்ஸைப் பற்றவைக்கும் உலோகத் திட்டான பேட் எல்லாம் பளபளவென்று வந்திருந்தன. ரெசிஸ்டரைத்தான் தனியாக ஆன்லைன் கடை ஒன்றில் ஒரு நூறு வாங்கினேன். அளவுக் குறியீடு 0603 என்று போட்டிருந்தது, நானும் 0603தான் வரைந்திருந்தேன், அப்புறம் என்ன? ராத்திரி பதினொன்றுக்கு ஓட்டைத் தகடான ஸ்டென்சிலை வைத்து, பற்றவைக்கும் பேஸ்டைத் தேய்த்துவிட்டு, ரெசிஸ்டர் வந்த டேப்பை உரித்தால் உள்ளே கோலப்பொடி மாதிரி ஏதோ. ட்வீசரால் ஒன்றை எடுத்து வைத்தேன். இந்தப் பேடையும் தொடவில்லை, அந்தப் பேடையும் தொடவில்லை, நடுச்சந்தில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது! வந்தது மெட்ரிக் 0603, அதாவது இன்ச் கணக்கில் 0201. நீளம் 0.6, அகலம் 0.3 மி.மீ. எனக்கு வேண்டியது இன்ச் கணக்கு 0603, 1.6-க்கு 0.8 மி.மீ. கடையில் கேட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். இரண்டு மாதமாகியும் மனசு ஆறவில்லை.

ஃப்ளக்ஸ்வாசம்:
கடையைத் திட்டி என்ன பயன்? டேட்டாஷீட்டில் மி.மீ. அளவு இருக்குமே, பார்க்காதது யார் தப்பு? எனக்கும் 0402-இல் இப்படி ஆகப் பார்த்தது, பணம் கட்டுமுன் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான் என் கதை. இனிமேலாவது பார்ட்ஸ் லிஸ்டில் 0603 என்று எழுதாதீர்கள், மி.மீ. கணக்கில் 1608 என்று எழுதுங்கள். போர்டு வரையும் கிகேட் மென்பொருளில் ஃபுட்பிரிண்ட், அதாவது பேட் அமைப்பின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது. போர்டு செய்பவருக்குக் கெர்பர் ஃபைல் அனுப்புமுன் ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, கையில் இருக்கும் பார்ட்ஸை மேலே வைத்துப் பாருங்கள். பேஸ்ட் வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு கலந்த 63/37 வாங்குங்கள், 183 டிகிரியில் உருகிவிடும், ஈயமில்லாததற்கு 217 தாண்ட வேண்டும், சூடான காற்றை ஊதும் வீட்டு ஹாட் ஏரில் அதற்குள் பக்கத்து கனெக்டர் இளகிவிடும். பேஸ்டை ஃபிரிட்ஜில் வையுங்கள், வீட்டில் திட்டினாலும் பரவாயில்லை. இடம் இருந்தால் இன்னும் பெரிய 0805-க்கே போங்கள், சின்னதாகப் போட்டு யாருக்குக் காட்டப் போகிறோம்?

மல்லாந்த_டிரான்சிஸ்டர்:
அண்ணே, அவர் கேட்டது அனுபவம், நீங்கள் எடுத்தது வகுப்பு. காகிதத்தில் வைத்துப் பார்ப்பதெல்லாம் சரி, நானும் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் 3904 என்ற குட்டி டிரான்சிஸ்டரை, பழைய பெரிய டிரான்சிஸ்டரின் கால் வரிசையிலேயே, எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரைந்திருந்தேன். எஸ்ஓடி-23 என்ற அந்தக் குட்டி உடம்பில் முதல் கால் பேஸ், இரண்டாவது எமிட்டர். அது இயக்க வேண்டிய ஸ்விட்ச், அதாவது ரிலே, அசையவே இல்லை. காகிதம் இதைச் சொல்லுமா? கடைசியில் ஐந்து போர்டிலும் டிரான்சிஸ்டரைக் கழற்றி, செத்த கரப்பான் மாதிரி மல்லாக்கப் போட்டேன். மல்லாத்தினால் அந்த இரண்டு காலும் இடம் மாறிவிடும், கலெக்டர் அதே இடத்தில் நிற்கும். கால் மூன்றும் ஆகாயத்தைப் பார்த்தன, ஒவ்வொன்றுக்கும் ஈயத்தைச் சொட்டி பேடோடு இறக்கினேன். முதல் ரிலே டிக்கென்று அடித்தபோது அம்மா எழுந்து வந்து என்ன சத்தம் என்றார். அந்த அசிங்கமான போர்டு இன்றும் மோட்டார் ரூமில் ஓடுகிறது.

ரிச்சிதெரு_ரசிகன்:
0402 கெப்பாசிட்டரில் நான் பட்டது வேறு. 10 மைக்ரோஃபாரட் என்று நம்பிப் போட்டேன். ஈஎஸ்பி32 சிப்பின் வைஃபை ஆன் ஆகும் நொடியில் ரீசெட், ஆன், ரீசெட். எக்ஸ்5ஆர் என்ற செராமிக் ரகக் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் ஏற ஏற மதிப்பு இறங்கும், உடம்பு சின்னதாக ஆக இன்னும் மோசம், அது அப்போது தெரியாது. கடுப்பில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 470 மைக்ரோஃபாரட் டப்பாக் கெப்பாசிட்டரைக் கால் மடக்கி மேலேயே பற்றவைத்தேன், அடங்கிவிட்டது. தபால்தலை அளவு போர்டில் தண்ணீர்த் தொட்டி மாதிரி நிற்கிறது.

ஈயப்பற்று:
ஃப்ளக்ஸ்வாசம், கடைப் பக்கத்தில் மி.மீ. அளவே இல்லை, ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். 1608 யோசனை நல்லது, அதை எடுத்துக்கொள்கிறேன். மீதி 99 ரெசிஸ்டர் யாருக்காவது வேண்டுமானால் அனுப்புகிறேன், 10கே, அதாவது பத்தாயிரம் ஓம். ஒன்று பேஸ்டோடு துடைத்ததில் போய்விட்டது. ஃபேனை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள்.