சில்லி பைட்ஸுடன் (கடலை மாவுப் பக்கோடா) எந்த வெள்ளை வைன்? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வர்த்வாசி: விருந்துக்கு வருபவருக்குக் கோதுமை ஆகாது. கடையில் விற்கும் சில்லி பைட்ஸ், முறுக்கு தரலாமா? கூடவே விலை குறைந்த வெள்ளை வைன் எது?

கடலைமாவு: கடலை மாவிலும் அரிசி மாவிலும் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லை அக்கா. கூட்டுப் பெருங்காயத்தில்தான் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். சமோசா பொரித்த எண்ணெயில் போட்டதும் ஆகாது, கடையில் நேராகக் கேளுங்கள். வீட்டிலேயே செய்வதே நிம்மதி: கடலை மாவு 1 கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, கீரை, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். மாவு நீர்த்தாலும், எண்ணெயின் சூடு 175 டிகிரிக்கு வெகுவாகக் கீழே போனாலும் எண்ணெய் குடித்துவிடும்.

திராட்சைக்கொடி: செனின் பிளாங்க்தான். நம் நாட்டில் அதிகம் பயிராகும் வைன் திராட்சை அதுவே, அதனால் மலிவு விலையிலும் தரமானது கிடைக்கிறது. காரத்துக்கு லேசான இனிப்புள்ள செமி-டிரை பொருந்தும். லிட்டருக்கு 5 முதல் 12 கிராம் சர்க்கரை இருக்கும். ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தாண்டினால் மிளகாய் இன்னும் எரியும். ஓக் பீப்பாயில் வைத்ததைத் தவிருங்கள்.

சாட்ஸ்வர்த்வாசி: எவ்வளவு குளிர்ச்சி? மீந்தால்?

திராட்சைக்கொடி: 8 முதல் 10 டிகிரி. அதற்கும் கீழே போனால் மணமே தெரியாது. மீந்ததை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும்.