ஆளில்லாத கடற்கரையில் படமெடுக்க யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வரும் அமாவாசையை ஒட்டி, மரமோ வீடோ கண்ணில் படாத ஒரு கடற்கரைக்கு மூன்று பேர் படமெடுக்கப் போகிறோம். அந்த வெறுமைதான் எனக்கு வேண்டும்: சாம்பல் வானம், கறுத்த பாறை, புகைபோல் படரும் அலை. லென்ஸுக்குள் வரும் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால், 1/30 நொடியில் எடுக்கும் படத்துக்கு ஏறக்குறைய 34 நொடியாகிறது. அதற்குள் அலை வந்து ட்ரைபாட் கால்களுக்கு அடியில் மணலை அரித்துவிடுகிறது. போன தடவை ஒரு படம்கூடத் தேறவில்லை, இன்னும் மனசு ஆறவில்லை. நீங்கள் கால்களை எப்படி ஊன்றுகிறீர்கள்?

லென்ஸில் படியும் உப்புச் சாரலை அங்கேயே எப்படித் துடைப்பது? உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழுமோ என்று பயம். அமாவாசையில் கடல் கூடுதலாக ஏறும். திரும்பும் வழி முழுகிவிட்டால்? போன் சிக்னலும் கிடைக்காது. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.