சாப்பாட்டுக்கு ஓடி வருகிறாள், ஆனால் சாப்பிடவில்லை: கினிப் பன்றிக்குப் பல் பிரச்சினையா?

செவ்வந்தி:

எங்கள் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் இருக்கின்றன, புசு, மின்னு. இரண்டும் பெண். புசுவுக்கு நான்கு வயது. கொஞ்ச நாளாக அவள் சாப்பிடும் விதமே மாறியிருக்கிறது. கொத்தமல்லியைக் கையில் எடுத்தால் போதும், முன்போலவே கத்திக்கொண்டு கம்பியருகே ஓடி வருகிறாள். ஒரு காம்பை வாயில் வைக்கிறாள், தாடை அசைகிறது, அப்புறம் அப்படியே கீழே போட்டுவிடுகிறாள். கேரட்டைத் துருவிக் கொடுத்தால்தான் கொஞ்சமாவது போகிறது. உலர்புல்லை இழுத்து இழுத்துப் பார்க்கிறாளே தவிர மெல்வதாகத் தெரியவில்லை. பெல்லட்டை (கடையில் விற்கும் தீவனக் குச்சி) மட்டும் வெகு நேரம் எடுத்துச் சாப்பிடுகிறாள்.

மோவாய்க்குக் கீழே முடி ஈரமாக ஒட்டிக்கிடக்கிறது. புழுக்கையும் சிறுத்துவிட்டது. போன மாதம் 980 கிராம் இருந்தாள், இன்று காலை 890.

உதட்டை விலக்கிப் பார்த்தேன். முன்பற்கள் உடையவில்லை, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் நீளமாகவும் தெரிகின்றன. ஒரு மருத்துவரிடம் காட்டினேன். முன்பல் வளர்ந்துவிட்டது, இப்போதே வெட்டிவிடலாம், மயக்கம்கூட வேண்டாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வெட்டினால் சரியாகிவிடுமா? நான்கு வயதில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கார்முகில்:

கடிக்க ஏதாவது மரக்கட்டை வைத்துப் பாருங்கள். நான் முயல் வளர்க்கிறேன், அதற்கு அதைத்தான் செய்வேன். முன்பல் தானாகத் தேய்ந்துவிடும்.

புல்லுக்கட்டு:

செவ்வந்தி, நீங்கள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தது நல்லதாகப் போயிற்று. நான் பல வருடங்களாகக் கினிப் பன்றிகளோடு இருக்கிறேன். அவற்றில் ஒருத்திக்கு, துளசிக்கு, கடைவாய்ப் பல் நோய் கடைசிவரை இருந்தது. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது அவள்தான் கண்முன் வந்தாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பசி போன கினிப் பன்றி வேறு, பசி இருந்தும் மெல்ல முடியாத கினிப் பன்றி வேறு. புசு ஓடி வருகிறாள், எடுக்கிறாள், போடுகிறாள். வயிற்றுக் கோளாறோ காய்ச்சலோ உள்ளது மூலையில் உட்கார்ந்திருக்கும், கொத்தமல்லியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் பிள்ளைக்கு வாய் வலிக்கிறது. நனைந்த மோவாய், பெல்லட்டை மட்டும் ஏற்பது, ஒரு மாதத்தில் 90 கிராம் இறங்கியது, எல்லாமே அதைத்தான் சொல்கின்றன.

ஆனால் கோளாறு நீங்கள் பார்த்த முன்பல்லில் இருப்பது அரிது. கினிப் பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் நான்கு, மீதி 16 உள்ளே கன்னத்துக்குப் பின்னால். எல்லாமே வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைக்க அரைக்க அந்த 16 பற்களும் தேயும். அரைப்பது குறைந்தால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாக, நாக்கை நோக்கிச் சாய்ந்து வளரும். மேற்பற்கள் வெளிப்பக்கமாகக் கன்னத்தை நோக்கிக் கூர்முனை விடும். முற்றிய நிலையில் இரு பக்கத்துக் கீழ்ப்பற்களும் நாக்குக்கு மேலே ஒன்றையொன்று நெருங்கிப் பாலம் போட்டுவிடும். நாக்கு அதன் அடியில் சிக்கிக்கொள்ளும். நாக்கைத் தூக்க முடியாவிட்டால் உணவைப் பின்னால் தள்ள முடியாது, எச்சிலைக்கூட விழுங்க முடியாது. மோவாய் நனைவது அதனால்தான்.

உள்ளே உயர்ந்துவிட்ட பற்கள் வாயை முழுதாக மூடவிடாது. அப்போது முன்பற்கள் ஒன்றோடொன்று சரியாக உரசாமல் நீண்டுவிடும். ஒரு பக்கம் வலித்து மறுபக்கமாகவே மென்றால் சாய்வாகத் தேயும். புசுவின் சாய்ந்த முன்பல் உள்ளே நடப்பதன் அடையாளம். அதை மட்டும் வெட்டினால் கடைவாய் அப்படியே இருக்கும், எடை இறங்கிக்கொண்டே போகும், அதற்குள் சில வாரங்கள் வீணாகியிருக்கும். அதோடு நகவெட்டி மாதிரியான கருவியால் வெட்டினால் பல் நெடுக்காக வேர்வரை பிளந்துபோக வாய்ப்பு உண்டு. யார் செய்வதாகச் சொன்னாலும் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். (கீழ் முன்பற்கள் மேலுள்ளவற்றைவிட நீளமாக இருப்பது இயல்புதான். மின்னுவின் வாயைப் பார்த்துவிட்டு அவளுக்கும் நோய் என்று பயந்துவிடாதீர்கள்.)

கார்முகில், மரக்கட்டையை முன்பல்லால்தான் கொறிப்பார்கள். கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது நீளமான புல்லை அரைக்கும் அந்த அசைவுதான். பெல்லட் இரண்டு நசுக்கலில் பொடியாகிவிடும், தேய்மானம் கிடைக்காது.

இப்போது மருத்துவர் விஷயம். கினிப் பன்றி, முயல் போன்ற சிறு பிராணிகளுக்குத் தொடர்ந்து பல் வைத்தியம் செய்கிறவரைத் தேடுங்கள். போனில் நேராகக் கேளுங்கள்: "கடைவாய்ப் பற்களை மயக்கத்தில் பார்ப்பீர்களா? எக்ஸ்ரே எடுப்பீர்களா? எதை வைத்துத் தேய்ப்பீர்கள்?" கினிப் பன்றியின் வாய் குறுகலானது. கன்னத் தோல் உள்ளே மடிந்து வந்து மறைக்கும், போதாததற்கு அரைத்த உணவு அப்பிக்கிடக்கும். விழித்திருக்கும்போது விளக்குக் கருவி வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். அப்படிப் பார்த்துவிட்டு "பல் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் அதை முடிந்த பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரே கேட்பதற்குக் காரணம், வேரும் எதிர்ப்பக்கமாக நீளும். கீழ்ப்பல் வேர் நீண்டால் தாடையின் அடி விளிம்பில் மேடு மேடாகக் கையில் தட்டுப்படும். மேல் வேர்கள் கண்ணுக்கு அடியில் இருப்பதால் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியலாம், அந்தக் கண் புடைத்தும் தெரியலாம். இன்றிரவு புசுவின் தாடையை இரு பக்கமும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டி இருந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அந்தச் சீழ் கெட்டியானது, குத்திவிட்டால் வடிந்துவிடாது. பெரும்பாலும் கட்டியோடு சேர்த்து அறுவை செய்துதான் எடுப்பார்கள், கெட்டுப்போன பல் இருந்தால் அதையும்.

மயக்க மருந்து பற்றிய பயம் எனக்கும் இருந்தது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளாக நாளாக மெலிந்து பலவீனமான பிறகு மயக்கம் கொடுப்பதுதான் கூடுதல் ஆபத்து. 890 கிராம் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. முந்தைய இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, வெறும் வயிறு அதன் குடலுக்குக் கெடுதல். வாயில் மிச்சமிருக்கும் உணவை நீக்குவதற்காகச் சிறிது நேரம் நிறுத்தச் சொன்னால், அது வேறு விஷயம்.

செவ்வந்தி:

மிக்க நன்றி. தாடையைத் தடவிப் பார்த்தேன், கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. இடது கண்ணோரம் மட்டும் லேசாக ஈரம் இருக்கிறது. நீங்கள் சொன்ன கேள்விகளைப் போனில் கேட்டு, எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்ன ஒரு மருத்துவரிடம் நாளை மறுநாள் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை என்ன செய்வது? இன்று மாலையிலிருந்து பெல்லட்டையும் விட்டுவிட்டாள். வீட்டில் பழைய ஆன்டிபயாட்டிக் சிரப் இருக்கிறது, கொடுக்கலாமா?

மருதாணி:

செவ்வந்தி, அந்தச் சிரப்பைத் தொடவே தொடாதீர்கள். நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன். மனிதர்களுக்கும் நாய்க்கும் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளையும், கிளிண்டமைசினையும் வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். கெட்டவை பெருகி நச்சு உண்டாகி, சில நாட்களில் உயிரே போகலாம். இதற்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக்குகள் வேறு உண்டு, மருத்துவர் எழுதித் தருவார். வலி மருந்தும் அப்படியே, நம் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது.

பெல்லட்டையும் விட்டுவிட்டாள் என்பதால் நாளை மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். 12 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் கினிப் பன்றிக்கு அது அவசர நிலை. குடல் நின்றுபோகும், அப்புறம் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கும். காலையில் முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போன் செய்து "தானாகச் சாப்பிடுவது நின்றுவிட்டது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். நாளைக்கே நேரம் ஒதுக்கப் பார்ப்பார்கள்.

புல்லுக்கட்டு:

மருதாணி சொன்னதை அப்படியே செய்யுங்கள். இன்றிரவே சிரிஞ்சில் ஊட்ட ஆரம்பியுங்கள்.

நோயுற்ற தாவர உண்ணிகளுக்கென்று விற்கும் பொடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அவள் சாப்பிடும் பெல்லட்டையே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்துக்கொள்ளுங்கள். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு போதும். அடைத்துக்கொண்டால் முனையை வெட்டி, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். அவளைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் கீழே ஊன்றியிருக்க மடியில் உட்கார வையுங்கள். மல்லாத்தவே கூடாது, உணவு மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. அங்கே பக்கவாட்டிலிருந்து முனையை நுழைத்து, அரை மில்லி விட்டுவிட்டுக் காத்திருங்கள். மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. தானாக எதுவும் சாப்பிடாத பெரிய கினிப் பன்றிக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 மில்லி வரை தேவைப்படும், அதைப் பல வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் ஒரு தடவையாவது எழுந்து ஊட்டுங்கள். நடுவில் கொஞ்சம் தண்ணீரும் கொடுங்கள்.

துளசி முதலில் தலையைத் திருப்பித் திருப்பி என்னைப் படுத்தினாள். சிரிஞ்சு முனையில் குடைமிளகாய்ச் சாறு ஒரு துளி தடவியதும் தானாக நக்க ஆரம்பித்தாள். குடைமிளகாயைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மைப் போலவே கினிப் பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தானே உடலில் உண்டாக்க முடியாது. அது குறைந்தால் பல்லைப் பிடித்திருக்கும் திசு தளர்ந்து பல் ஆட ஆரம்பிக்கும். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், நோயில் அதைவிடக் கூடுதலாக. எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குப்பியில் கலக்காதீர்கள், சீக்கிரம் சிதைந்துவிடும். நேராக வாயில் கொடுங்கள்.

மின்னுவைக் கூடவே அழைத்துப் போங்கள். பழகிய துணை பக்கத்தில் இருந்தால் புசுவுக்குப் பயம் குறையும்.

செவ்வந்தி:

நேற்றே பார்த்துவிட்டார்கள். மயக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கின்மேல் சாய்ந்திருந்தன, நாக்கின் ஓரத்தில் புண். இடது மேல் வேரும் கொஞ்சம் நீண்டிருக்கிறது, கண் ஈரம் அதனால்தானாம். பல் மருத்துவக் கருவியால் தேய்த்துச் சரிசெய்தார்கள். முன்பற்களை மிகக் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். வலி மருந்தோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் புல்லை இன்னும் தொடவில்லை. இனிமேல் சாப்பிட்டுவிடுவாள்தானே?

புல்லுக்கட்டு:

நல்ல செய்தி! உடனே சாப்பிடாவிட்டால் கலங்க வேண்டாம். நாக்குப் புண் ஆற வேண்டும், நாள்கணக்கில் வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைத் தசையும் சோர்ந்திருக்கும். சில நாட்களோ ஒன்றிரண்டு வாரமோ ஊட்ட வேண்டியிருக்கும். வலி மருந்தை "இன்று பரவாயில்லையே" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மெல்லிய கீற்றுகளாகக் கொத்தமல்லி, கேரட் இலை, ஈரமான பசும்புல் வைத்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் பசும்புல்லைத்தான் முதலில் எடுப்பார்கள். தானாகச் சாப்பிடும் அளவு கூடக்கூடச் சிரிஞ்சைக் குறையுங்கள். இப்போது தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், தேறியபின் வாரம் ஒருமுறை போதும். சமையலறைத் தராசே போதுமானது.

வேர் நீண்டிருக்கிறது என்று சொல்லியிருப்பதால், இது ஒரே தடவையில் தீராமல் போகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். துளசிக்கு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டியிருந்தது. இடையில் நன்றாகச் சாப்பிட்டு, ஓடி, என் கால்விரலைக் கடித்துச் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அடுத்த பரிசோதனையை நான்கு வாரத்துக்குள் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அதற்கு முன்பே எடை 50 கிராம் இறங்கினால் அன்றைக்கே போன் செய்யுங்கள்.