பில் போட்ட பிறகும் அலறும் ஆர்எஃப் கேட்: வழி சொல்லுங்கள்

வணக்கம். துணிக்கடை வாசலில் 8.2 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப் கேட் (சரக்கில் ஒட்டிய திருட்டுத் தடுப்பு டேக்கை ரேடியோ அலையால் கண்டுபிடித்து அலறும் கேட்) ஒரு ஜோடி இருக்கிறது. பணம் கட்டி வெளியேறுபவர்களுக்கும் அலாரம் அடிக்கிறது. சில சமயம் ஆளே இல்லாதபோதும்.

டேக் ஒட்டிய சரக்கை எல்லாம் கேட்டிலிருந்து தள்ளி வைத்தாயிற்று. சுருட்டிக் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரையும் எடுத்தாயிற்று. வயர்ச் சுருளும், மூடிய வளையமாக நிற்கும் உலோக ஸ்டாண்டும் டேக் போலவே ஒத்ததிர்ந்து கேட்டை ஏமாற்றும். எல்இடி விளக்குகளை அணைத்தால் வீண் அலாரம் குறைகிறது, நிற்கவில்லை. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தாலோ நடுவில் போகும் நிஜ டேக்கே தப்பிவிடுகிறது.

பில் கவுண்டரில் டேக்கைச் செயலிழக்க வைக்கும் பேட் மீதும் சந்தேகம். டேக் ஸ்டிக்கருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை பேடின் புலம் பழுதாக்க வேண்டும். பொருளை வேகமாக இழுத்தாலோ, ஸ்டிக்கர் பேடுக்குச் செங்குத்தாக நின்றாலோ அது பிழைத்துக்கொள்கிறது.

அலாரம் அடிப்பது மட்டுமே திருட்டுக்குச் சாட்சி ஆகாது. எடுத்தது, மறைத்தது, பணம் கட்டாமல் கடந்தது எல்லாம் கண்ணிலோ கேமராவிலோ தொடர்ச்சியாகப் பதிந்திருக்க வேண்டும். வீண் அலாரத்தை நம்பி ஒருவரைப் பிடித்து வைத்தால் வழக்கு கடைமீதே திரும்பலாம். அதைவிட, பணம் கட்டியவர் நாலு பேர் முன் பையைத் திறந்து காட்டுவது எவ்வளவு பெரிய அவமானம்!

எல்இடி டிரைவர் வயரில் ஃபெரைட் கோர் (மின் இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டிப் பலன் கண்டவர்கள் உண்டா? இரண்டு கேட்டுக்கும் சிங்க் (ஒன்றோடொன்று நேரம் ஒத்து இயங்குவது) சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள்.